நேற்றுப் பிடித்த தண்ணீர்

மும்பை திலக் நகரில் நாலு வீடுகளின் கண்ணாடி மீன்தொட்டிகளை மாரிசெல்விதான் பார்த்துக்கொள்கிறாள். கையில் தண்ணீர் கேனும் தோளில் குட்டி வலையுமாக அவள் நுழையும்போது, புதிதாக வந்த வாட்ச்மேன் யாராக இருந்தாலும் மீன் விற்கிறவள் என்று நினைத்து ஒருமுறை தடுப்பான். "விக்க வரல பையா, குளிப்பாட்ட வந்தேன்" என்று அவள் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்வாள். அவன் விழித்துக்கொண்டிருக்கும்போதே லிஃப்டில் ஏறிவிடுவாள். வயது நாற்பத்தாறு. வீடு தாராவியில். மகளை மான்குர்த்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. மீனைச் சட்டியில் மட்டுமே பார்த்து வளர்ந்தவள், மீனுக்குத் தண்ணீர் மாற்றுவதைத் தொழிலாக்கிக்கொண்டது எப்படி என்று கேட்டால், "ஒரு தப்பு பண்ணினேன், அதுல இருந்துதான்" என்பாள். அவள் அந்தத் தப்பைச் சொல்லும்போது வெட்கப்படுவதே இல்லை.

தாராவியில் குடித்தனம் நடத்துகிற எவளுக்கும் தண்ணீர் வருகிற நேரம் மனப்பாடம். மாரிசெல்விக்கு அதற்கும் மேலே ஒரு பழக்கம் இருந்தது. காலையில் குழாயில் காற்று சீறி முதல் தண்ணீர் விழுந்ததும், முந்தின நாள் பிடித்ததில் மிச்சம் எவ்வளவு கிடந்தாலும் தூக்கி வாசலில் ஊற்றிவிடுவாள். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடித்து, முதல் செம்பைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் அவள் வீட்டில் அடுப்பு பற்றும். ஒரு குடத்துக்கு நாலு பேர் சண்டை போடுகிற சந்தில் அரைக் குடத்தைக் கொட்டுகிறவளைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. பழைய தண்ணீரை விருந்தாளிக்குக் கொடுக்கக் கூடாது, சாமிக்கு வைக்கக் கூடாது என்பது அவள் பிறந்த நாங்குநேரிப் பக்கத்துச் சட்டம். அங்கே வீட்டுக்கு ஒரு கிணறு இருந்தது, சட்டம் செல்லுபடியானது. தாராவியில் அதைக் கடைப்பிடிக்கத் தனித் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் குறையவில்லை.

அவள் புருஷன் அய்யாத்துரை தோல் பை செய்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். ஒரு தோலை விரித்துப் போட்டால் அதில் எத்தனை பை விழும் என்று கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவார். தோலில் ஒரு சுண்டுவிரல் அளவு வீணாகாது. தன் உடம்பை மட்டும் அவர் அளந்து பார்த்ததில்லை. பிரஷர் ஏறி, கால் வீங்கி, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று, இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற டயாலிசிஸ் சென்டரில் நாலு மணி நேரம் ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்து வாங்க வேண்டும். அந்தத் தப்பு நடந்தபோது இது தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இந்த வியாதியில் வலியைவிடக் கொடுமையானது தாகம். உள்ளே போகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஆகவே ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி, அதற்கு மேல் ஒரு மடக்குகூடக் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாரிசெல்வி ராத்திரியே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பாள். புதுத் தண்ணீர்ச் சட்டத்துக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே விதிவிலக்கு அதுதான், அதுவும் டாக்டர் சொன்னதால். அய்யாத்துரை அந்தப் பாட்டிலில் தோலில் வெட்டுக்கோடு போடுகிற வெள்ளி மைப் பேனாவால் மூன்று கோடு போட்டிருந்தார். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. பாட்டிலை யார் தொட்டாலும் அவருக்குக் கோபம் வரும். ஒருநாள் மகள் வந்தபோது தெரியாமல் அதிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டாள். பெற்ற மகளோடு இரண்டு நாள் பேசவில்லை அந்த மனிதர்.

மெஷினில் படுக்க அவருக்குப் பிடிக்கவே இல்லை. முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடுவார். தலை சுற்றுகிறது, நாளைக்கு வேண்டாம் என்பார். மழை பெய்கிறது, பஸ் வராது என்பார். ஒன்றும் கிடைக்காவிட்டால் சும்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஆரம்பத்தில் அப்படி இரண்டு தடவை போகாமல் இருந்தார். இரண்டாம் தடவை நெஞ்சில் தண்ணீர் சேர்ந்து மூச்சு அடைத்து, மாரிசெல்வி சந்துக்காரர்களை எழுப்பி அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. "இன்னொரு தடவை விட்டா நாங்க பொறுப்பில்ல" என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று சாயங்காலமும் அவர் என்ன சாக்குச் சொல்வாரோ என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

அவரை வரவழைத்தது ஒரு மீன்.

சென்டரில் வெளிக்கூடத்துக்கும் படுக்கைகளுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. அதையொட்டி ஒரு மீன்தொட்டி. முன்பு அங்கே வந்துகொண்டிருந்த ஒருவரின் குடும்பம் நினைவாகக் கொடுத்தது, எட்டுத் தங்கமீன்களோடு. நாலாம் நம்பர் படுக்கையில் படுத்தால் தொட்டி நேராகத் தெரியும். எட்டில் பெரியது உள்ளங்கை அகலம், இரண்டு கன்னமும் உப்பி, நெற்றியில் வெள்ளைத் திட்டோடு, மற்ற மீன்களை விரட்டிக்கொண்டே திரியும். அதைப் பார்த்த முதல் நாளே அய்யாத்துரை சிரித்துவிட்டார். மூக்குக்குள் வருகிற சிறு சிரிப்புதான், ஆனாலும் ஆஸ்பத்திரி வாசல் மிதித்த பிறகு மாரிசெல்வி கேட்ட முதல் சிரிப்பு.

"ஏட்டி, நம்ம மொதலாளி இங்க வந்து உக்காந்திருக்காரு பாரு. அதே கன்னம், அதே அதிகாரம்."

பட்டறை முதலாளியிடம் இருபத்துநாலு வருஷம் வாய் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனிதர், மீன் முதலாளியிடம் வாரத்தில் மூன்று நாள் வசூல் பண்ணினார். லேட்டா வந்ததுக்குச் சம்பளத்துல பிடிக்காதீரும் என்பார். போனஸ் எப்ப என்று கேட்பார். நாலு மணி நேரம் இப்படியே கழியும். ஒரு தடவை அவள் கெஞ்சிக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தபோது, "அவரு இருக்கிற வரைக்கும் வாரேன், போ" என்று அலுத்துக்கொண்டார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சொன்ன வார்த்தையை அளந்து வெட்டுகிறவர் அவர். அதன்பிறகு பதினாலு மாதம், முனகிக்கொண்டேயானாலும், ஒரு நாள்கூடத் தவறவில்லை. மாரிசெல்வி வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடும்போது இசக்கியம்மன், சுடலைமாடன் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் முதலாளி பெயரையும் மெதுவாகச் சேர்த்துக்கொள்வாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது. யார் உதவினாலும் பெயர் சொல்லிக் கும்பிட வேண்டியதுதான்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. தொட்டியைக் கழுவ வருகிற கடைக்காரன் ஒரு மாதமாக ஆளைக் காணோம். தண்ணீர் கலங்கி, கண்ணாடி உள்பக்கம் பச்சை படிந்து, மீன் இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை அய்யாத்துரை படுக்கையிலிருந்து சொன்னார்.

"மொதலாளி ஆபீஸ் கதவச் சாத்திட்டாரு போல. மூஞ்சே தெரியலையே. இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வாரது?"

மாரிசெல்வி உடனே எழுந்தாள். சென்டரைப் பார்த்துக்கொள்கிற வெங்கடேஸ்வரனிடம் போய், தொட்டியை நான் கழுவட்டுமா என்று கேட்டாள். மாட்டுங்காவிலிருந்து வருகிற நல்ல மனுஷர். "தாராளமாப் பண்ணுங்கோ, கண்ணாடி மட்டும் ஒடையாமப் பாத்துக்கோங்கோ" என்றார்.

புதன்கிழமை அவள் வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏழு மணிக்கு அய்யாத்துரைக்கு ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பித்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மீன்களை வாயகன்ற ஒரு டப்பில் எடுத்து வைத்தாள். அழுக்குத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்துக் கொட்டினாள். கண்ணாடியைத் தேய்த்தாள், கூழாங்கல்லைக் கழுவினாள், டப்பில் கிடந்த பழைய தண்ணீரையும் வடித்தாள். பின்பக்கம் மாநகராட்சிக் குழாயில் அந்த நேரத்தில்தான் தண்ணீர் வரும். வாளி வாளியாகப் பிடித்து நிரப்பினாள். மழைக்காலமாதலால் தண்ணீரில் மருந்து வாடை தூக்கலாக அடித்தது. கிருமி ஒன்றுகூட இல்லாத தண்ணீர் என்று அவளுக்கு இன்னும் சந்தோஷம். சாமிக்கு வைக்கிற தண்ணீரை முதலாளிக்கு வைத்துவிட்டோம் என்று நிறைவாக இருந்தது. மீன்களை விட்டாள். தொட்டி பளபளத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அய்யாத்துரை ஊசி குத்தாத கையால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. பசி போலும் என்று அவள் தீனி போட்டாள். ஒன்றும் தொடவில்லை. பிறகு ஒன்று மூலையில் மோதிச் சுற்றிச் சுற்றி வந்து மல்லாந்தது. இன்னொன்றும் மல்லாந்தது. முதலாளி ஒருக்களித்து விழுந்து, செவுள் படபடவென்று அடிக்க, கண்ணாடியோரம் மிதந்தார். மாரிசெல்வி நிமிர்ந்து பார்த்தபோது அய்யாத்துரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திரும்பலை அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இவர் வரமாட்டார். வராவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் அவளிடம்தான் சொல்லியிருந்தார்.

"அக்கா, என்னாச்சு?"

சஃபீனா நின்றிருந்தாள். சென்டரில் மெஷின்களைப் பார்க்கிற டெக்னீஷியன், சீத்தா கேம்ப்பிலிருந்து வருகிறவள், இருபத்தேழு வயது. குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

"தாயி, மீனு சாவுது. நான் ஒண்ணும் பண்ணல. தண்ணிதான் மாத்தினேன்."

"எவ்ளோ மாத்துனீங்க?"

"பூரா. பழசு ஒரு சொட்டுகூட இல்ல. குழாயில இருந்து நேரா, புதுத் தண்ணி."

சஃபீனா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அதான் அக்கா. வாங்க, சீக்கிரம்" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே தண்ணீர் சுத்திகரிக்கிற அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் மீன்தொட்டியின் காற்றுப் பம்பை முழு வேகத்தில் திருப்பிவிட்டாள்.

அந்த அறையில் ஆள் உயரத்துக்கு நீலநிறத் தொட்டிகள் நின்றன. சஃபீனா சுண்டுவிரல் அளவு இரண்டு கண்ணாடிக் குழல்களை எடுத்தாள். ஒன்றில் பின்பக்கக் குழாய்த் தண்ணீர், ஒன்றில் நீலத் தொட்டியைத் தாண்டி வருகிற தண்ணீர். இரண்டிலும் ஒரு குப்பியிலிருந்து சொட்டு விட்டாள். முதல் குழல் மஞ்சள் கரைத்தது போல் ஆனது. இரண்டாவது அப்படியே தெளிந்து நின்றது.

"இந்த மஞ்ச இருக்கே, இதான் க்ளோரின். நாம குடிச்சா ஒண்ணும் பண்ணாது, நல்லதுக்குத்தான் போடுறாங்க. மீனு தண்ணியிலயே மூச்சு விடுதுல்ல? செவுள அரிச்சுக்கிட்டு நேரா ரத்தத்துக்குப் போயிரும்."

"அப்ப இம்புட்டுப் பெரிய தொட்டி எதுக்கு?"

"அது அண்ணனுக்கு. மெஷினுக்குள்ள அவர் ரத்தத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஜவ்வுதான் அக்கா இருக்கு. க்ளோரினோட போச்சுன்னா ரத்தம் கெட்டுரும். அதனால கரியில வடிச்சு எடுக்குறோம். டெய்லி ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னாடி நான் இப்படிச் சொட்டு விட்டுப் பாத்துட்டுத்தான் மெஷின ஸ்டார்ட் பண்ணுவேன்."

மாரிசெல்வி அந்தத் தெளிந்த குழலைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக வெளிக்கூடத்தில் உட்கார்ந்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு நாளும் இந்தச் சின்னப் பெண் உள்ளே நின்று, விடிகாலையில் பஸ் பிடித்து வந்து, அவள் புருஷனின் ரத்தத்துக்காகச் சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெரியாமலே எத்தனை நாள் இவளிடம் லேட்டாகிறது என்று முணுமுணுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அதற்கு நேரமில்லை.

"இந்தத் தண்ணியவே ஒரு வாளி தாயேன், பிள்ள."

"முடியாது அக்கா. பத்து மெஷின் ஓடுது. இதுல வாளி பிடிச்சா பிரஷர் எறங்கி எல்லாம் அலாரம் அடிக்கும். அந்தக் கடைசிக் குழாய்ல வர்றது உப்பே இல்லாத தண்ணி, அதுவும் மீனுக்கு ஆகாது. குர்லாவுல கடையில க்ளோரின் எடுக்குற மருந்து விக்கும், ஆனா பதினோரு மணிக்குத்தான் திறப்பாங்க."

"வேற என்ன செய்ய?"

"நேத்துப் பிடிச்ச தண்ணி வேணும். திறந்து கிடந்தா அதுவாவே போயிரும். கொதிக்க வச்சு ஆறுனதுன்னா இன்னும் நல்லது. உங்க வீட்ல டிரம்ல இருக்கும்ல?"

தாராவியில் அத்தனை வீட்டிலும் நேற்றைய தண்ணீர் இருந்தது. இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். காலை ஐந்தரைக்கு மிச்சமிருந்த அரைக் குடத்தை வாசலில் ஊற்றிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறியிருந்தாள்.

மாரிசெல்வி வெளிக்கூடத்துக்கு வந்தாள். பத்து நோயாளிகளுக்குத் துணை வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் பையிலும் ஒரு தண்ணீர் பாட்டில் தலைநீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்கள் குடிக்கக் கூடாதென்று, அவர்கள் கண்ணில் படாமல் திரும்பி நின்று குடிக்கிற பாட்டில்கள். இரண்டு வருஷமாக அவள் இவர்களோடு பேசியது, மழை வருமா என்பதைத் தாண்டியதில்லை.

"ஏங்க, யாருகிட்டயாவது காய்ச்சி ஆறின தண்ணி இருக்கா? நேத்து எடுத்தது? அந்த மீனுக்கு வேணும். நான்தான் தெரியாம கெடுத்துட்டேன்."

தமிழில் கேட்டதை இந்தியிலும் கேட்டாள். முதலில் எழுந்தது ஷ்யாமளா. திலக் நகர் பாலக்காட்டு மாமி, புருஷர் ஏழாம் நம்பர் படுக்கையில். பின்னாளில் மாரிசெல்விக்கு முதல் தொட்டி வேலை பிடித்துக் கொடுத்ததும் இவள்தான். "இந்தாடிம்மா, ராத்திரி காய்ச்சி ஆத்தின ஜலம்" என்று நீட்டினாள். மூடியைத் திறந்தால் தண்ணீர் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியது.

"மாமி, மீனுக்குக் கஷாயம் ஆகாது" என்றாள் சஃபீனா.

"ஐயோ, சாதா ஜலம் கொண்டுவந்திருக்கப்படாதோ" என்று மாமி தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் உட்காரவில்லை. வரிசையாகப் போய் மற்றவர்கள் பையிலிருந்த பாட்டில்களை அவளே உருவ ஆரம்பித்துவிட்டாள். மாமி கேட்டால் மறுக்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. சஃபீனா ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் குழலில் கொஞ்சம் எடுத்துச் சொட்டு விட்டாள். ஒருவர் காலையில்தான் குழாயில் பிடித்திருந்தார், மஞ்சளாகிவிட்டது. அவர் பரீட்சையில் தோற்றவர் மாதிரி பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்னொருத்தி ஃபில்டரில் பிடித்தது, தேறியது. எட்டுப் பாட்டிலில் ஐந்து தேறின. கழுவிய டப்பில் ஊற்றி, பம்பின் காற்றுக் குமிழி விடுகிற கல்லை அதில் போட்டு, உயிரோடிருந்த ஆறு மீனையும் மாரிசெல்வி கையாலேயே அள்ளி விட்டாள். சின்ன மீன்கள் முங்கின. முதலாளிக்கு ஆழம் போதவில்லை. முதுகு வெளியே தெரிய ஒருக்களித்தே கிடந்தார்.

"இன்னும் கொஞ்சம் இருந்தா நிமிர்ந்துருவாரு" என்றாள் சஃபீனா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போனாள்.

திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு பாட்டில் இருந்தது. வெள்ளிப் பேனாவால் மூன்று கோடு போட்டது. ஒரு கோடுகூட இறங்கியிருக்கவில்லை.

"அண்ணன் குடுத்தாரு. மொதல்ல சொட்டு விட்டுப் பாத்துட்டு ஊத்தணுமாம். அதையும் அவரே சொன்னாரு."

மாரிசெல்வி பாட்டிலை வாங்கவில்லை. கண்ணாடித் தடுப்பருகே போய் நின்றாள். அய்யாத்துரை முகம் சுவர்ப் பக்கம் இல்லை. இவளைப் பார்த்தபடி, ஊத்து என்று கையைக் கவிழ்த்துக் காட்டினார். வீட்டுக்குப் போய் வேறு பாட்டில் நிரப்பிக்கொண்டால் ஆயிற்று, அளவு அப்படியேதானே இருக்கிறது என்று யாரும் கணக்குச் சொல்லலாம். அவள் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளமாட்டாள். மெஷின் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சி முடிக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். படுக்கையிலிருந்து இறங்கியதும் முதல் கோடு வரை குடிப்பார். அந்த ஒரு கோட்டை நினைத்துக்கொண்டுதான் நாலு மணி நேரமும் கிடப்பார். பெற்ற மகளுக்கு ஒரு வாய் விட்டுக்கொடுக்காத பாட்டில் அது.

சஃபீனா சொட்டு விட்ட குழல் தெளிவாக நின்றது. மாரிசெல்வி பாட்டிலை வாங்கி, காற்று கலக்கட்டும் என்று உயரத் தூக்கி மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் முதலாளியின் முதுகை மூடியது.

அப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. ஷ்யாமளா மாமி டப்பின் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாராவது காலால் இடித்துவிடாமல் காவல் இருந்தாள். உள்ளே படுத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்து என்ன நிலவரம் என்று சைகையில் கேட்டார்கள். சஃபீனா ஒவ்வொரு மெஷினையும் பார்த்துவிட்டு இங்கே ஒரு எட்டு வந்து போனாள். பத்தே முக்காலுக்கு முதலாளி வாலை ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் நிமிர்ந்தார், சாய்ந்தார், மறுபடி நிமிர்ந்தார். நிமிர்ந்த கையோடு பக்கத்திலிருந்த சின்ன மீனை ஒரு முட்டு முட்டினார். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் அந்தக் கூடம் ஒன்றுசேர்ந்து சிரித்ததை மாரிசெல்வி கேட்டதில்லை. அவளுக்கு அழுகைதான் வந்தது. எல்லார் முன்னாலும் அழுதாள், மறைக்கவில்லை.

பதினோரு மணிக்கு அய்யாத்துரையை இறக்கினார்கள். ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராக டப்புக்கு வந்து குனிந்தார். உதடு வெடித்திருந்தது.

"என்ன மொதலாளி, ரெண்டு மணி நேரம் லீவு போட்டுட்டீரு. சம்பளத்துல பிடிக்கட்டா?"

செத்த இரண்டு மீனையும் மாரிசெல்வி வெளியே தொட்டிச்செடி மண்ணில் புதைத்தாள். மன்னிச்சுக்கோ என்று வாய்விட்டே சொன்னாள். சஃபீனாவிடம் போனாள். கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும் பிள்ள. இம்புட்டு நாளா ஒனக்கு ஒரு நன்றி சொல்லலையே நான்." சஃபீனாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "டியூட்டி அக்கா" என்றாள். பிறகு அந்தக் கூச்சத்தை மறைக்க வேகவேகமாகத் தண்ணீர் பாடம் சொன்னாள். தொட்டியில் இப்போது இருக்கிற தண்ணீரைக் கொட்ட வேண்டாம், பம்பு ஓடட்டும், நாளைக்குச் சொட்டு விட்டுப் பார்த்து அவளே மீனை விட்டுவிடுவாள். இனி வாரம் ஒரு கேன், கால் பங்கு மட்டும், நேற்றுப் பிடித்த தண்ணீர். சில நாள் வேறு மருந்து சேர்த்துப் போட்டிருப்பார்கள், அது வைத்திருந்தாலும் போகாது, அதனால் சோதிக்காமல் ஊற்றக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் குழாய் சீறியது. புதன் ராத்திரி திறந்து வைத்திருந்த வாளி வாசலோரம் இருந்தது. பழக்க தோஷத்தில் மாரிசெல்வி அதைத் தூக்கிச் சாய்த்துவிட்டாள். ஒரு கை அளவு தண்ணீர் வாசலில் விழுந்தது. அப்புறம்தான் நினைவு வந்து வாளியை நிமிர்த்தினாள். பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்து பார்த்தாள். "என்ன அக்கா, இன்னிக்கு ஊத்தலையா?" என்றாள். "இது ஒருத்தருக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, மாரிசெல்வி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அங்கேதான் வீட்டில் இடம் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல் பயந்துகொண்டே சோறு போட்டாள். அய்யாத்துரை சாப்பிட்டு முடித்து, ராத்திரிக் கோட்டில் மிச்சமிருந்ததை ஒரு மடக்கில் குடித்துவிட்டு, வாளியிலிருந்து கேனுக்கு அவள் தண்ணீர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை சுற்றலோ பஸ்ஸோ இப்போது வரும், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று அவள் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி."

"ம்."

"கூட்டம் ஏறதுக்கு முந்தி போயிருவோம். அஞ்சு மணிக்கு என்னைய எழுப்பிரு. கேன்ல ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கிடுதேன். ஊசி குத்தாத கை சும்மாத்தான இருக்கு."